கை ஏழு

தாராளமா உங்க பொண்ணைச் சேத்துவிடுங்க ஆன்ட்டி, நல்ல படிப்புதான். எலி அறுக்க வேண்டாம், தவளை அறுக்க வேண்டாம். ரத்தம் பாத்தா மயக்கம் வர்ற பிள்ளையா இருந்தாக்கூட பயமில்ல, எல்லாம் கம்ப்யூட்டர்லதான். ஆனா ஒண்ணு. லேப்ல சேர்க்கிறதுக்கு முன்னாடி அங்க சீனியரா யார் இருக்காங்கன்னு விசாரிச்சுக்கங்க. புரொஃபசர் யாருன்னு எல்லாரும் விசாரிப்பாங்க. சீனியர் யாருன்னு யாரும் விசாரிக்க மாட்டாங்க. நான் விசாரிக்கல. அதான் பட்டேன்.

இப்படித் தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் வெயில் அடிக்குது. ராஜபாளையம் வரைக்கும் இதே பஸ்லதானே வர்றீங்க? அப்ப நிதானமா சொல்றேன்.

என் பேரு முத்துவடிவு. லேப்ல வடிவும்பாங்க. ஊரு சங்கரன்கோவில் பக்கம். அப்பா அங்க மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரு. எனக்கு யுனிவர்சிட்டி லேப்ல டிரெய்னியா இடம் கிடைச்சுதுன்னதும், கடைக்கு இருமல் மருந்து வாங்க வர்றவங்ககிட்டகூட, "என் பொண்ணு கிருமி ஆராய்ச்சி பண்றா"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. உள்ள நிலவரம் எனக்குத்தானே தெரியும்? ஆறு மாசம் பயிற்சி. அது முடிஞ்சதும் சாருக்குப் பிடிச்சிருந்தா புராஜெக்ட்ல வேலைக்கு எடுத்துக்குவாரு. பிடிக்கலன்னா ஒரு சர்டிஃபிகேட்டைக் கையில குடுத்து அனுப்பிருவாரு. ஊர்ல போய் எந்த முகத்தோட நிக்கிறது சொல்லுங்க? அந்த பயம் முதல் நாள்லேர்ந்தே எனக்கு இருந்துச்சு.

சார் பேரு திருமேனி. தங்கமான மனுஷன். ஆனா லேப்ல இருக்கவே மாட்டாரு, எப்பப் பாத்தாலும் மீட்டிங், டெல்லி, ஹைதராபாத். லேப்பை நடத்துறது நிலோஃபர் அக்கா. பிஎச்.டி. பண்றவங்க, முடிக்கிற கட்டத்துல இருந்தாங்க. தலையில துப்பட்டா, கண்ணுக்குக் கீழ கருவளையம், பேச்சே கிடையாது. நான் புது சுடிதார் போட்டுக்கிட்டு, அம்மா குடுத்துவிட்ட அதிரசத்தை எடுத்துக்கிட்டுப் போய் நிக்கிறேன். ஒண்ணை எடுத்துக் கடிச்சுக்கிட்டே, "உக்காரு. இதுல ஒவ்வொரு சாம்பிளும் எங்க எடுத்தது, என்னைக்கு எடுத்ததுன்னு ஆஸ்பத்திரி அனுப்புன விவரத்தோட ஒத்துப் பாரு"ன்னாங்க. அவ்வளவுதான் வரவேற்பு.

அந்த சாம்பிள் என்னன்னு சொல்லணும். ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி. பேரு வேண்டாம் ஆன்ட்டி. அங்க குறைமாசத்துல பிறந்த பச்சைப் பிள்ளைங்களை வைக்கிற வார்டு. திடீர்னு ஒண்ணு மாத்தி ஒண்ணா பிள்ளைங்களுக்கு ரத்தத்துல கிருமி. எந்த மருந்துக்கும் அடங்கல. சில பிள்ளைங்க தவறிருச்சு. வெளிய பெத்தவங்க கூட்டம், கத்தல், போலீஸ். கிருமி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு எங்க சார்கிட்ட வந்தாங்க. பிள்ளைங்க ரத்தத்துல எடுத்த கிருமி, வார்டுல கட்டில், குழாய், மெஷின் எல்லாத்துலயும் தடவி எடுத்த கிருமி, அப்புறம் அங்க வேலை பாக்குற டாக்டர், நர்ஸ், ஆயா எல்லார் கையிலயும் பஞ்சுக்குச்சியால தடவி எடுத்த கிருமி. எல்லாத்துக்கும் நம்பர். பிள்ளை ஒண்ணு, பிள்ளை ரெண்டு, கை ஒண்ணு, கை ரெண்டுன்னு. பேரு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு அப்படி.

ஒவ்வொரு கிருமிக்கும் உள்ள மரபணுவுல லட்சக்கணக்குல எழுத்து இருக்கு ஆன்ட்டி. அது பெருகும்போது அங்கொண்ணு இங்கொண்ணு எழுத்து மாறிப்போகும். ரெண்டு கிருமிக்கு நடுவுல மாறுன எழுத்து கம்மியா இருந்தா ரெண்டும் நெருங்குன சொந்தம். நிறைய இருந்தா தூரத்துச் சொந்தம். அதை வச்சு வம்சாவளி மாதிரி ஒரு மரம் வரையலாம். கிளை கிளையா. அந்த மரம்தான் எங்க வேலையே. அதைப் போடத்தான் நான் படிச்சதே.

ஆனா அக்கா என்னைப் போடவே விடல! நான் ஒத்துப் பாத்து முடிச்சு, "அக்கா, மரம் போட்டுரலாமா?"ம்பேன். "தேதி எல்லாம் பாத்தியா?"ம்பாங்க. "பாத்துட்டேன்." "இன்னொரு தடவை பாரு." மறுபடியும் பாத்துட்டு வந்து நின்னா, "வார்டுச் சாக்கடைக்குழி சாம்பிள் இன்னும் வரல. அதுக்கு முன்னாடி படம் போட்டா தப்பான படம்தான் வரும்"பாங்க. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? இவங்க இத்தனை வருஷமா இருக்காங்க, நான் நேத்து வந்தவ. நான் வேகமா பண்ணிட்டா சார் என்னைத்தான் பாப்பாரு. அதுக்குத்தான் அமுக்குறாங்கன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு வாரம் அக்கா லேப்ல இல்ல. அந்த ஆஸ்பத்திரிக்கே போயிட்டாங்க. வார்டுல கை கழுவுற தொட்டிக்குக் கீழ இருக்கிற சாக்கடைக்குழி சாம்பிளைத் தானே எடுக்கணும், பழைய கிருமி ஏதாச்சும் அங்க ஃப்ரீசர்ல கிடக்கான்னு பாக்கணும்னு. போறப்ப என்கிட்ட, "நான் வர்ற வரைக்கும் எதையும் யார்கிட்டயும் காட்டாத, சரியா?"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. என்ன, திருடியா நானு?

சும்மா இருந்தா கை ஊறுமில்ல ஆன்ட்டி? இருக்கிற சாம்பிளை வச்சு மரத்தைப் போட்டேன். யாருக்கும் காட்டுறதுக்கு இல்ல, எனக்குத்தான். ஓடி முடிஞ்சு படம் வந்துச்சு பாருங்க, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. பிள்ளைங்க எல்லாம் ஒரே கிளை. அந்தக் கிளைக்கு நட்டநடுவுல, பிள்ளைங்களோட ஒட்டிக்கிட்டு, ஒரே ஒரு கை. கை ஏழு. மத்தக் கையெல்லாம் எங்கயோ தூரத்துல கிடக்கு. கை ஏழை நான் சிவப்பு கலர்ல போட்டேன். எடுப்பா தெரியணும்ல?

அந்த நேரம் பாத்து சார் உள்ள வர்றாரு. நான் கூப்பிடல. அவரா வந்தாரு. ஸ்கிரீனைப் பாத்துட்டு நின்னுட்டாரு.

"என்னம்மா இது?"

சொன்னேன். கேக்கிறாரே, சொல்லாம எப்படி? அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டுக்கிட்டு மறுபடியும் பாத்தாரு. மறுநாள் காலையில ஆஸ்பத்திரி டீனோட, பெரிய அதிகாரிங்களோட அவருக்கு மீட்டிங். அவங்க தினம் போன் போட்டு நெருக்கிக்கிட்டே இருந்தாங்க. அவர் கேட்டாரு, "நிலோஃபர் இதைப் பாத்துட்டாளா?"

"பாத்துட்டாங்க சார்"ன்னேன்.

இது பொய் இல்ல ஆன்ட்டி, யோசிச்சுப் பாருங்க. அந்த சாம்பிள் விவரத்தை எல்லாம் அக்கா பாத்தாங்கல்ல? எத்தனை தடவை பாத்தாங்க! அந்த விவரத்துலேர்ந்துதானே படம் வந்துச்சு? அப்ப படத்தைப் பாத்த மாதிரிதானே? சார் என் தோள்ல தட்டி, "கெட்டிக்காரி"ன்னாரு. படத்தை அனுப்பச் சொன்னாரு. அனுப்பிட்டேன். அப்பாவுக்கு போன் போட்டு சார் இப்படிச் சொன்னாருன்னேன். அப்பா கடையிலேர்ந்தே கத்துறாரு, எல்லாருக்கும் கேக்கிற மாதிரி.

ரெண்டு நாள் கழிச்சு மெஸ்ஸுல சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன், டிவியில நியூஸ் ஓடுது. பச்சிளங்குழந்தைகள் மரணம், செவிலியர் சஸ்பெண்ட். ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ் வாசல்ல கூட்டம். ஒருத்தர் செருப்பைக் கழட்டி எறியுறாரு. கதவு சாத்தியிருக்கு. ஜன்னல்ல ஒரு பொம்பளைப் பிள்ளை, பத்தாவது படிக்கும்போல, எட்டிப் பாத்துட்டு உள்ள போயிருச்சு. உண்மையைச் சொல்றேன், எனக்கு ஒரு பக்கம் பாவமா இருந்துச்சு. இன்னொரு பக்கம், நம்ம படம் டிவி வரைக்கும் போயிருச்சேன்னு இருந்துச்சு. பக்கத்துல இருந்த பிள்ளைகிட்ட, "இது எங்க லேப் கண்டுபிடிச்சது"ன்னேன். அது, "அப்படியா? அந்த நர்ஸ் வேணும்னே பண்ணுச்சா?"ன்னு கேட்டுச்சு. அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அக்கா வந்தாங்க. தோள்ல ஐஸ் பெட்டி. செருப்பைக்கூடக் கழட்டல. நேரா என் டேபிளுக்கு வந்தாங்க.

"யார் கேட்டு மரம் போட்ட?"

"சார் கேட்டாருக்கா."

"நான் பாத்துட்டேன்னு சொன்னியா?"

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கிட்டேன். அக்கா சத்தம் போட்டிருந்தா நானும் சத்தம் போட்டிருப்பேன். அவங்க சத்தமே போடல. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. மெதுவா கேட்டாங்க: "கை ஏழுல கிருமி இருக்கு. பிள்ளைங்ககிட்டயும் அதே கிருமி இருக்கு. கையிலேர்ந்து பிள்ளைக்குப் போச்சா, பிள்ளைகிட்டயிருந்து கைக்கு வந்துச்சா? உன் படம் சொல்லுதா?"

"ரெண்டும் சொந்தம்னு சொல்லுதுக்கா."

"சொந்தம்னுதான் சொல்லுது. கை சாம்பிளை என்னைக்கு எடுத்தாங்க? பிள்ளைங்க எல்லாம் சீக்கான அப்புறம். அந்தப் பிள்ளைங்களைத் தூக்கி, துடைச்சு, பால் குடுத்த கைல அந்தக் கிருமி இல்லாம எந்தக் கிருமி இருக்கும்?" அப்புறம் சொன்னாங்க, "கை ஏழு யாரு தெரியுமா? எஸ்தர் சிஸ்டர். சீக்கான பிள்ளைங்க பக்கம் போக மத்தவங்க பயந்தாங்க. அவங்க மட்டும் பயப்படல. அதனால அவங்க கையில மட்டும் இருக்கு."

இதை எல்லாம் முன்னாடியே என்கிட்ட உக்காந்து சொல்லிக்குடுத்திருந்தா நான் எதுக்கு அப்படிப் பண்றேன்? தேதியைப் பாரு தேதியைப் பாருன்னா எனக்கு என்ன விளங்கும்?

அன்னைக்குச் சாயங்காலமே ஆஸ்பத்திரியிலேர்ந்து சாருக்கு போன். இன்னொரு பிள்ளைக்குக் கிருமி. எஸ்தர் சிஸ்டர் வார்டை விட்டுப் போன அப்புறம் பிறந்த பிள்ளை. அவங்க கையே படாத பிள்ளை.

சார் ரூமுக்கு ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. முகமெல்லாம் வேர்த்திருக்கு. ஸ்பீக்கர்ல டீன். "உங்க படத்தை நம்பித்தான் நடவடிக்கை எடுத்தோம். இப்ப என்ன சொல்றீங்க? வார்டை மூடவா, திறந்து வைக்கவா? மூடுனா இந்தப் பிள்ளைங்களை எங்க கொண்டு போறது?" சார் போனை வச்சுட்டு எங்களைப் பாத்தாரு. என்னையில்ல, அக்காவை. "நீ பாத்துட்டதா இவ சொன்னதாலதானே நிலோஃபர் நான் கொண்டு போனேன்? எப்படி விட்ட இதை?"

போச்சுன்னு நினைச்சேன் ஆன்ட்டி. இப்ப அக்கா சொல்லப்போறாங்க, நான் பாக்கவே இல்ல, இவதான் பொய் சொன்னான்னு. அவ்வளவுதான், சர்டிஃபிகேட்கூடக் கிடைக்காது. அப்பா முகம் வந்து போகுது. அக்கா என் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம், "நான் சரியா பாக்கல சார். என் தப்புதான். சாக்கடை சாம்பிளும் பழைய சாம்பிளும் கொண்டுவந்துட்டேன். எழுத்துப் படிக்கிற மெஷினை எங்களுக்கு மட்டும் விடச் சொல்லுங்க. சீக்கிரம் சொல்லிர்றோம்"னாங்க.

பாத்தீங்களா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. தன் தப்புன்னு. நான் ஒண்ணும் சொல்லச் சொல்லல.

அப்புறம் வந்த நாளுங்க மாதிரி என் வாழ்க்கையில பாத்ததில்ல. சாம்பிள் மெஷின்ல கிடக்கு. எழுத்து வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் சார் ரூம் கதவைப் பாப்போம். அந்தப் புதுப் பிள்ளை மோசமா இருக்குன்னு ஒரு நாள். கொஞ்சம் தேவலாம்னு ஒரு நாள். அக்கா என்னைப் பக்கத்துலயே உக்கார வச்சுக்கிட்டாங்க. திட்டல. "இதை ஓட்டு", "தேதி சொல்லு", "சாப்பிட்டு வா". அவ்வளவுதான் பேச்சு. அவங்க சாப்பிட்டதை நான் பாக்கல. ஒரு மதியம் சத்தம் போடாம அழுதாங்க. கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே. கண்ணைத் துடைக்கக்கூட இல்ல, டைப் பண்ணிக்கிட்டே இருந்தாங்க. தன் பேரு கெட்டுப்போச்சேன்னு இருக்கும்.

முடிவு வந்துச்சு. மரத்தை அக்கா போடல. என்னைப் பாத்து, "நீ போடு"ன்னாங்க. போட்டேன். தொட்டிக்குக் கீழ இருந்த சாக்கடைக்குழி இருக்கு பாருங்க, அதுதான் மரத்துல அடி. அதுலேர்ந்துதான் கிளை எல்லாம் பிரியுது. ஃப்ரீசர்ல கிடந்த பழைய கிருமியும் அங்கயே உக்காருது. எஸ்தர் சிஸ்டர் அந்த வார்டுக்கு மாத்தலாகி வர்றதுக்கு முன்னாடி இருந்த ஒரு பிள்ளையோடது. கை ஏழு ஓரத்துல, ஒரு சின்னக் குச்சியா நிக்குது. கடைசியா ஒட்டிக்கிட்டது.

தாய்ப்பாலைப் பீய்ச்சி, சங்கு மாதிரி இருக்கிற பாலாடையில குடுப்பாங்கல்ல? அந்தப் பாலாடையை எல்லாம் அந்தத் தொட்டியிலதான் கழுவுவாங்களாம். தண்ணியைத் திறந்தா குழியில அடிச்சு, கிருமியோட பாலாடைமேல தெறிக்கும். அவ்வளவுதான் விஷயம். மறுநாளே தொட்டியை உடைச்சு எடுத்தாங்க. பாலாடையைத் தனியா கொதிக்க வைக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் ஒரு பிள்ளைக்கும் வரல. அந்தக் கடைசிப் பிள்ளை பிழைச்சிருச்சு ஆன்ட்டி. வீட்டுக்கே போயிருச்சு.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சார் என்னை புராஜெக்ட்ல எடுத்துக்கிட்டாரு. "ரெண்டாவது படம் தெளிவா இருந்துச்சும்மா"ன்னாரு. அக்காவுக்கு ஜெர்மனிக்குப் போற ஒரு வாய்ப்பு இருந்துச்சு, சார்தான் சிபாரிசு பண்ணணும். இந்த வருஷம் வேண்டாம், இன்னும் கவனமா வேலை செய்யக் கத்துக்கட்டும்னுட்டாரு. எனக்கும் வருத்தம்தான். ஆனா அவங்கதானே சரியா பாக்கலன்னு சொன்னாங்க? நான் என்ன பண்ண முடியும்? போய் ஆறுதலா, "அடுத்த வருஷம் கிடைக்கும்க்கா"ன்னேன். "ம்"ன்னாங்க. அதுலேர்ந்து வேலை விஷயம் தவிர என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. அம்மா சீடை குடுத்துவிட்டாங்க, தொடல. நான் அவங்களுக்கு என்ன கெடுதல் பண்ணேன், நீங்களே சொல்லுங்க.

போன மாசம் எஸ்தர் சிஸ்டர் லேப்புக்கே வந்தாங்க. சஸ்பென்ஷனை ரத்து பண்ணி, வேற வார்டுல வேலை குடுத்துட்டாங்களாம். குள்ளமா இருக்காங்க, நான் நினைச்சதைவிட வயசானவங்களா. கையில ஒரு கேக் பெட்டி. வாசல்லயே நின்னுக்கிட்டு, "இந்த லேப்புல ஒரு பொண்ணு படம் போட்டுத்தான் நான் பழியிலேர்ந்து வெளிய வந்தேன்னு டீன் சொன்னாரு. அந்தப் பொண்ணைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னாங்க.

லேப்புல நானும் அக்காவும் மட்டும்தான். நான் அக்காவைப் பாத்தேன். அக்கா தலையைத் தூக்கல. "ஆமா சிஸ்டர், படம் போட்டது இவதான்"னாங்க.

சிஸ்டர் ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அவங்க கையைப் பாத்தேன் ஆன்ட்டி. தோலெல்லாம் உரிஞ்சு, விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு, சிவந்துபோய் கிடக்கு. ஏதாச்சும் அலர்ஜியான்னு கேட்டேன். "இல்லம்மா, கழுவிக் கழுவித்தான். என் கைலேர்ந்துதான் போச்சுன்னு சொன்னாங்கல்ல? நானும் அப்படித்தான் நினைச்சேன். என் பொண்ணுக்குத் தலை வாரிவிடக்கூட பயம். இப்ப இல்லன்னு தெரிஞ்சு போச்சு, ஆனாலும் கை நிக்க மாட்டேங்குது"ன்னாங்க. நான் எங்க அப்பா கடையில நல்ல களிம்பு இருக்கு, பேரு எழுதித் தர்றேன்னு சொன்னேன்.

அப்புறம் அந்தப் படத்தைக் காட்டுறியான்னு கேட்டாங்க. நான் ஃபோல்டரைத் திறந்தேன். பழைய படம்தான் மேல கிடந்துச்சு, சிவப்புல கை ஏழு போட்டது. நான் கவனிக்கல, அதையே திறக்கப் போனேன். அக்கா பின்னாடியிருந்து வந்து, என் கையைத் தள்ளிட்டு, கீழ இருந்த புதுப் படத்தைத் திறந்தாங்க.

"இதுல நான் எங்கம்மா இருக்கேன்?"

ஓரத்துல இருந்த குச்சியைக் காட்டுனேன். அவங்க அதைக் கொஞ்சந்தான் பாத்தாங்க. "அப்ப இதெல்லாம் பிள்ளைங்களா?" ஆமான்னேன். "முதல்ல போன பிள்ளை எது?" பிள்ளை ஒண்ணுன்னு போட்டிருந்ததைக் காட்டுனேன். அந்த வெடிச்ச விரலை அதும்மேல வச்சாங்க. "இது சீதாலட்சுமி பிள்ளை. பொண்ணு. ஒரு கையில அடங்கிரும். பாலாடையை உதட்டுக்கிட்ட கொண்டு போனா நாக்கை நீட்டும்." அடுத்ததுக்கு விரலை நகத்துனாங்க. "இது?" பிள்ளை நாலுன்னேன். "பாண்டிச்செல்வி பையன். அவங்க அப்பா கேரளாவுல வேலை. வந்து பாக்கவே இல்ல." அப்படியே ஒவ்வொரு கிளையா விரலை வச்சு வச்சு, யார் பிள்ளை, எந்தக் கட்டிலுன்னு சொல்லிக்கிட்டே போறாங்க. எங்க லேப்புல ஸ்கிரீன்மேல யாரும் கை வைக்கக்கூடாது. ஆனா நான் தடுக்கல. எனக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது ஆன்ட்டி, எங்களுக்கு நம்பர் மட்டும்தானே குடுத்திருந்தாங்க.

திரும்பிப் பாத்தா அக்காவைக் காணோம். பாதியிலேயே எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. ஒருத்தங்க அவ்வளவு தூரத்துலேர்ந்து கேக் வாங்கிக்கிட்டு வந்திருக்காங்க, அவங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கணும்னு இல்ல, ஒரு வார்த்தை சொல்லிக்கிட்டுப் போகணும்னு இல்ல. ரொம்ப நேரம் கழிச்சு முகத்தைக் கழுவிக்கிட்டு வந்தாங்க. சிஸ்டர் அதுக்குள்ள கிளம்பிட்டாங்க. அதான் சொல்றேன் ஆன்ட்டி, பொண்ணைச் சேக்குறதுக்கு முன்னாடி சீனியர் யாருன்னு விசாரிச்சுக்கங்க. சில பேருக்கு மனுஷங்களோட பழகவே தெரியாது.